தண்ணீர்ப் பந்தயம்

அவள் கேள்வியைக் கேட்கவே மாட்டாள். ரேடியோவில் கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் காலை நீட்டிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். காவிரி எங்கே உற்பத்தியாகிறது, தந்தியைக் கண்டுபிடித்தவர் யார் என்று மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் நாங்கள்தான். பதில் சரியான பிறகு நிகழ்ச்சி நடத்துகிறவர், "போதுமா, மேலே போகலாமா?" என்று கேட்பார் பாருங்கள், அப்போதுதான் அவள் கை நிற்கும். போட்டியாளர் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதைத்தான் அவள் கேட்பாள். கேட்டுவிட்டு, "எறங்கிருவான்" என்பாள். அவன் இறங்கிவிடுவான். "ஏறுவான்" என்றால் ஏறுவான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல் நாகல்நகரில் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக இருந்த வீடுகளில் ஒன்றில் நான் வாழ வந்திருந்தேன். ரேடியோ இருந்தது என் வீட்டுச் சுவரை ஒட்டியிருந்த அவள் வீட்டில் மட்டும்தான். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் கொழும்பிலிருந்து அந்தக் கேள்வி பதில் போட்டி வரும். ஒவ்வொரு கேள்விக்கும் பரிசு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். எந்த இடத்திலும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடலாம். மேலே போய் ஒரு பதில் தப்பானால் எல்லாம் போச்சு, வெறுங்கையோடு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். வாங்கிக்கொண்டு போவதை நாங்கள் இறங்குவது என்றும், துணிந்து தொடர்வதை ஏறுவது என்றும் சொல்வோம்.

பெண்கள் கூடினால் பந்தயம் இல்லாமல் இருக்குமா? காசு வைக்க எங்களிடம் காசு ஏது. அந்த ஊரில் காசைவிடப் பெரிய பொருள் ஒன்று இருந்தது. தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ரயில் லைனைத் தாண்டி இருந்த கிணற்றுக்குத்தான் போக வேண்டும். இடுப்பு விட்டுப்போகும். ஆகவே பந்தயம் குடத்தில். தோற்றவள் மறுநாள் காலையில் ஜெயித்தவளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அவள் வீட்டு அண்டா வற்றி நான் பார்த்ததில்லை.

எதிர் வீட்டில் இருந்த டீச்சரம்மாவுக்கு இது பொறுக்காது. அவர் மாதா கோவிலுக்குத் தவறாமல் போகிற நல்ல மனுஷி, பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுப்பவர். போட்டியை அவர் வேறு மாதிரி அணுகுவார். முதல் மூன்று கேள்விகளும் ஆளை ஏற்றிவிடக் கேட்பவை, நாலாவதில்தான் கவிழ்ப்பார்கள், ஆகவே மூன்றோடு வாங்கிக்கொண்டு இறங்குகிறவன்தான் புத்திசாலி என்பது அவர் கட்சி. யாழ்ப்பாணத்துத் தபால்காரர் ஒருவர் அப்படி இறங்கிப் போனபோது டீச்சரம்மா கைதட்டினார். அவளோ ரேடியோவைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

"த்தூ. அம்புட்டுத்தானா நீ?" என்றாள்.

இறங்குகிறவர்கள் யாரையும் அவளுக்குப் பிடிக்காது. தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவன் ஏறி ஏறிப் போய்க் கடைசிக் கேள்வியில் எல்லாவற்றையும் தொலைத்தான். மறுநாள் முழுக்க அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், தன் வீட்டுத் தம்பி மாதிரி.

சண்டை என்றால் அவளுக்கு இன்னொரு சோறு. ஒருநாள் குழாயடியில் யாரோ ஒருத்தி வரிசையில் இருந்த அவள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். இவள் அந்தப் பித்தளைக் குடத்தை எடுத்தாள், நெற்றியைப் பார்த்து ஒரே வீச்சு. ரத்தம் குழாய் மேடையில் ஓடியது. அடிபட்டவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் இவள்தான், அங்கே நர்ஸிடம் தையல் சரியில்லை என்று மல்லுக்கு நின்றதும் இவள்தான். பஸ்ஸில் இடித்தவன் ஒருவனின் சுண்டுவிரலை ஒடித்தாள் என்றும் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புவேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் குழம்பில் உப்பு கூடிப்போச்சென்று கையை ஓங்கினார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. பின்னால் அவள். எப்போது உள்ளே வந்தாளோ, அவர் மணிக்கட்டைப் பிடித்து ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினாள். அவர் முட்டி போட்டு உட்காரும்வரை விடவில்லை.

"இந்தக் காம்பவுண்டுல ஒருத்தி வாங்குறது போதும் தம்பி" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் என்மேல் கை வைத்ததே இல்லை. என் ஆயுசுக்கும் அவளுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவள் நான். ஆனால் அந்த ஒருத்தி அவளேதான் என்பதுதான் கொடுமை.

அவள் புருஷன் லாரி ஓட்டினார். ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு மலையாளத்துக்குப் போவார், சில நாள் கழித்து வருவார். அந்த ரேடியோவும் அவர் வாங்கிவந்ததுதான். சொந்த ஊரும் ஒட்டன்சத்திரம் பக்கம்தான். அந்தப் பக்கத்து மரியாதைப் பேச்சு, கேட்கவே இதமாக இருக்கும். "ஏனுங்க டீச்சரம்மா, சௌக்யமுங்களா? தங்கச்சி, எந்திரிக்காதீங்க, ஒக்காந்து கேளுங்க." எங்களையெல்லாம் இப்படி விசாரித்துவிட்டு உள்ளே போவார். சட்டையைக் கழற்றி மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டுவார். அப்புறம் அடிப்பார்.

சும்மா அடி இல்லை. முடியைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதுகிற சத்தம் எங்கள் வீட்டுச் சுவரில் கேட்கும், அடுக்குப் பாத்திரம் அதிரும். ஒரு தடவை பல் போனது. ஒரு தடவை விலா எலும்பு. ஊரையே அடிக்கிறவள் இவரிடம் மட்டும் ஏன் வாங்குகிறாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். செம்பட்டியிலிருந்து அவள் அண்ணன்மார்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, கட்டின துணியோடு கிளம்பு என்றார்கள். அவள் கிளம்பவில்லை. கிடைத்ததோடு இறங்கிவிடு, உனக்கும் அதையேதான் சொல்கிறேன் என்று டீச்சரம்மாவும் சொல்லிப் பார்த்தார். எறங்கிப் போறதுக்கு வேற ஆளப் பாருங்க என்றுவிட்டாள்.

எப்படி அக்கா ரேடியோவில் வருகிறவன் மனசு உனக்குத் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"மூச்சு சொல்லிரும்டி. வாயால இழுத்தா பயந்துட்டான், எறங்கிருவான். மூக்கால விட்டான்னா வெறி ஏறிருச்சு, நிக்க மாட்டான்."

"இதெல்லாம் எங்க படிச்ச?"

"வீட்டுக்குள்ளயே வாத்தியாரு இருக்காருல்ல" என்றாள். "அவரு வாசல்லயே நாயே பேயேன்னு வஞ்சாருன்னா அன்னிக்கு நிம்மதியாத் தூங்கலாம். உங்களையெல்லாம் மரியாதையாக் கேட்டுட்டு வாராரு பாரு, அன்னிக்கு எனக்கு உண்டு."

அந்த மரியாதையை அதற்குப் பிறகு என்னால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

இதிலும் பந்தயத்தை ஆரம்பித்தவள் அவள்தான். ஒரு நாள் போட்டி முடிகிற நேரத்தில் தெருமுனையில் லாரி வந்து நின்றது. இன்னிக்கு எனக்கு அடி விழுமா விழாதா, ஆளுக்கொரு குடம் கட்டுங்கடி என்றாள். டீச்சரம்மா சேசுவே என்று சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் விழும் என்று கட்டுகிறேன், எதிர்க்கட்டு யார் என்று அவள் விடாப்பிடியாக நின்றாள். விழாதுக்கா என்று நான்தான் முதலில் சொன்னேன். பந்தயமாகச் சொல்லவில்லை, சாமியிடம் சொல்கிற மாதிரிச் சொன்னேன். மற்றவர்களும் விழாது, விழாது என்றார்கள். விழுந்தது.

மறுநாள் காலையில் ஆளுக்கொரு குடம் அவள் வீட்டுக்குச் சுமந்தோம். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. சிந்தாம ஊத்துங்கடி, பாடுபட்டுச் சம்பாரிச்ச தண்ணி என்று சிரித்தாள். சிரித்ததில் உதட்டில் மறுபடி ரத்தம் கசிந்தது. அப்போதிருந்து லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் விழும் என்பாள், நாங்கள் விழாது என்போம். எப்போதாவது அவர் வைதுகொண்டே வருகிற நாளில் மட்டும் அவள் கட்ட மாட்டாள். நாங்கள் தோற்றுத் தோற்றுத் தண்ணீர் சுமந்தோம்.

பிறகு அந்த நாள். ரேடியோவில் யாரோ ஒரு பள்ளிக்கூடத்து அம்மாள் கடைசிக் கேள்விக்கு வந்து நின்றிருந்தாள். லாரி வந்தது. அன்று அவர் கையில் மலைவாழைப்பழச் சீப்பு. எல்லோருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். என் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தார். டீச்சரம்மாவிடம், ஏனுங்க, வெயில்ல ஏனுங்க ஒக்காந்திருக்கீங்க என்றார். அத்தனை மரியாதையை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே அவர் படியேறினார். அதற்குள் எங்களுக்கும் அந்தப் பாடம் பழகியிருந்தது.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னிக்கு விழாது" என்றாள். "கட்டுறவளுக கட்டுங்க."

ஒருத்தியும் கட்டவில்லை. அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். ரேடியோவில் அந்த அம்மாள் மேலே போகலாம் என்று சொன்ன குரல் கேட்டது. உள்ளே பொத்தென்று ஒரு சத்தம், கூடவே ஓர் அலறல். நாங்கள் அதுவரை கேட்டிராத அலறல், ஆம்பளை அலறல்.

சட்டையைக் கழற்ற அவர் இரண்டு கையையும் மேலே தூக்கியிருக்கிறார். முகம் சட்டைக்குள். அம்மிக் குழவியைத் தூக்கி வலது முழங்கையில் போட்டுவிட்டாள். விழுந்தவர் எழுந்திருக்கும்முன் இரண்டாவது தடவையும் அதே இடத்தில் போட்டாள். நாங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அவள் குழவியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. காம்பவுண்டே அன்று சந்தோஷப்பட்டது.

லாரியிலிருந்து விழுந்துவிட்டேனுங்க என்று ஆஸ்பத்திரியில் அவரே சொல்லிவிட்டார். கை கோணலாகக் கூடியது. ஸ்டியரிங் திருப்ப முடியாது. இனி எந்த முதலாளி அவருக்கு லாரி கொடுப்பான்? அவள் வெங்காய மண்டிக்கு வேலைக்குப் போனாள். அவர் வீட்டோடு கிடந்தார், உலை வைத்தார், இடது கையால் தண்ணீர் எடுத்தார்.

அவள் அவரை அடிக்க ஆரம்பித்தது எந்த நாளில் என்று எனக்குத் தெரியாது. முதலில் பழைய கணக்கு என்று நினைத்தோம். நல்லா வேணும் என்றுகூடப் பேசிக்கொண்டோம். சோறு குழைந்ததற்கு ஓர் அடி, குடம் தளும்பியதற்கு ஓர் அடி. பிறகு காரணமும் இல்லாமல் போனது. அகப்பைக் காம்பு, விறகு, கையில் கிடைத்தது எதுவானாலும். அதே சுவர், எங்கள் பாத்திரங்கள் அதே மாதிரி அதிர்ந்தன. வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று அவர் மெதுவாகச் சொல்வது மட்டும் கேட்கும். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பயப்படுகிறேனே என்று வருத்தமாகவும் இருந்தது, ஏனென்றால் எனக்கு அவள்மேல் உயிர்.

ரேடியோ கேட்பது மட்டும் நிற்கவில்லை. அவள் எங்களோடு முற்றத்தில் இருப்பாள், அவர் உள்ளே வாசற்படிக்குப் பின்னால் குந்தியிருப்பார். ஒரு வாரம், வடநாட்டுச் சேட்டு மாதிரிப் பேசுகிற வியாபாரி ஒருவன் போட்டிக்கு வந்திருந்தான். குரல் கணீரென்று இருந்தது. மேலே போகலாமா என்று கேட்டார்கள்.

"ஏறுவான்" என்றாள் அவள். நாங்களும் ஏறுவான் என்றோம். அவள் சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல எங்களுக்கென்ன பைத்தியமா.

படிக்குப் பின்னாலிருந்து, "எறங்கிருவாருங்க" என்றது ஒரு குரல்.

அந்த வியாபாரி தொண்டையைச் செருமிவிட்டு, போதும் ஐயா என்றான்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர் எங்கே அதைக் கற்றார் என்று எங்களில் ஒருத்திக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் எழுந்து ரேடியோவை அணைத்துவிட்டு உள்ளே போனாள். வழக்கமாக அந்த நேரத்தில் நாங்கள் அவரவர் கதவைச் சாத்திக்கொள்வோம். எனக்கு அன்று என்னவோ ஆகிவிட்டது. என் வீட்டில் இருந்த ஒரே ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தாள். கையில் விறகு.

"என்னடி?"

"அண்ணனுக்குக் குடுக்க வந்தேன். பந்தயத்துல செயிச்சாருல்ல."

மூக்கால் மூச்சு விட்டாள். எனக்குக் கேட்டது. பின்வாங்கிவிடலாம் என்று கால் சொன்னது, நான் நகரவில்லை. விறகு கீழே விழுந்தது, கை என் கன்னத்தில் விழுந்தது. காது கொய்ங் என்று அடைத்துக்கொண்டது. குடம் சரிந்து தண்ணீர் முழுக்க வாசலில் கொட்டியது.

"அடிச்சுக்க. இன்னொன்னு வேணும்னாலும் அடிச்சுக்க" என்றேன். "அவர விட்டுருக்கா."

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கன்னத்தைத் தொட வந்தாள், தொடவில்லை. "எங்க எறங்குறதுன்னு எனக்குத் தெரியலயேடி" என்றாள். அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. உள்ளே அவர் சுவரோரமாக ஒடுங்கி, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு சுவர் அதிரவில்லை. சில நாள் அதிரவில்லை. பிறகு ஒருநாள் மறுபடி அதிர்ந்தது.

மறுநாள் காலையில் அவளே கிணற்றுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வெளியே வந்தார். ஒரு துணிப்பை மட்டும் கையில். வர்றனுங்க டீச்சரம்மா என்று சொல்லிக்கொண்டு போனாராம். எப்போதும் சொல்கிற மரியாதைதானே என்று டீச்சரம்மாவும் தலையாட்டியிருக்கிறார். தெருமுனையில் பழைய கூட்டாளி ஒருவனின் லாரி நின்றிருக்கிறது. ரேடியோவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் அதில் ஏறிப் போய்விட்டார். அவர் திரும்பி வரவே இல்லை.

அவள் குடத்தோடு வந்து வீட்டுக்குள் நுழைந்தவள் உடனே வெளியே வந்தாள். அழுவாள், இல்லை ஒட்டன்சத்திரத்துக்கு ஆள் அனுப்புவாள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அந்தக் குடத்துத் தண்ணீரை டீச்சரம்மா வீட்டுத் தவலையில் ஊற்றினாள். மறுபடி கிணற்றுக்குப் போனாள். பக்கத்து வீட்டில் ஊற்றினாள். வெயில் ஏறிவிட்டது, மண்டிக்கும் போகவில்லை. என் வீட்டுக்கு வந்தபோது புடவை முழுக்க நனைந்து, தோள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது?" என்றேன்.

"தோத்துட்டேன்டி. அவரு எறங்க மாட்டாருன்னுல்ல இருந்தேன்."

"நாங்க யாரும் கட்டலயேக்கா."

"நான் கட்டியிருந்தேன்" என்றாள். குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் கடைசிவரை இறங்கும் வரையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "இம்புட்டு நாளும் அவருதான் என் மூச்சக் கேட்டுக்கிட்டு இருந்துருக்காரு. நான் அவரு மூச்சக் கேக்கவே இல்ல."

வெறும் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரயில் லைன் பக்கம் நடந்தாள். இன்னும் தண்ணீர் ஊற்றாத வீடுகள் பாக்கி இருந்தன.